நம்பர் அதே, போன் அதே, கம்பெனி மட்டும் வேற: போர்ட் பண்றதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



ரீசார்ஜ் விலை ஏறும்போதெல்லாம் வர்ற கேள்வி ஒண்ணுதான்: "வேற நெட்வொர்க்குக்கு மாறிடலாமா? நம்பர் போயிடாதே?"

போகாது. போனையும் மாத்த வேண்டாம். இந்தியா முழுக்க 2011 ஜனவரி 20-லேர்ந்து இந்த வசதி இருக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2010 நவம்பர் 25 அன்னைக்கு ஹரியானாவுல ஆரம்பிச்சாங்க. ஆனா 2011-ல நம்பர்ங்கிறது பேசுறதுக்கு மட்டும்தான். இன்னைக்கு உங்க சம்பள அக்கவுண்ட், யுபிஐ, ஆதார், பிஎஃப், இன்கம் டேக்ஸ் லாகின், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துக்கும் சாவி அந்தப் பத்து இலக்கம்தான். அதனால போர்ட் பண்றதை ரீசார்ஜ் கடை வேலையா நினைக்காம, பேங்க் வேலையா நினைச்சுப் பண்ணணும். எந்த நாள்ல பண்றோம், நம்பர் யார் பேர்ல இருக்கு, இது ரெண்டுதான் மாசத்துக்கு அம்பது ரூபாய் மிச்சத்தை விட முக்கியம்.

முதல்ல, மாறணுமா?

பாதிப் பேருக்கு மாற வேண்டிய தேவையே இல்லைங்கிறது என் கருத்து. கணக்கைப் பாருங்க.

2024 ஜூலை முதல் வாரத்துல ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூணு பேரும் அடுத்தடுத்து விலையை ஏத்துனாங்க. ஜியோவுல தினம் 1.5 ஜிபி தர்ற 28 நாள் பிளான் 239 ரூபாயிலேர்ந்து 299 ரூபாய் ஆச்சு. ஒரே நாள்ல 25 சதவீதம். நம்ம சம்பளம் என்னைக்காவது ஒரே நாள்ல 25 சதவீதம் ஏறியிருக்கா?

இந்த 28 நாள் பிளானை மாசப் பிளான்னு நினைச்சுக்கிட்டு, வருஷத்துக்கு 12 தடவைன்னு பலரும் கணக்குப் போடுறாங்க. 28-ஐ 13-ஆல பெருக்கினா 364. ஆக வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். ஒரு நாளைக்கு 10 ரூபாய் 68 பைசா, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,898 ரூபாய். அதே கம்பெனில, அதே 1.5 ஜிபிக்கு அப்போ 84 நாள் பிளான் 799 ரூபாய். நாளைக்கு 9 ரூபாய் 51 பைசா, வருஷத்துக்கு 3,472. ரெண்டுக்கும் நடுவுல 426 ரூபாய். கம்பெனி மாறாம, சிம் மாறாம, வெறும் பிளானை மாத்தினாலே இது மிச்சம். நீங்க படிக்கிற நேரத்துல விலை மாறியிருக்கலாம், ஆப்ல பார்த்துக்குங்க. முறை இதேதான்: விலையை நாளால வகுத்து 365-ஆல பெருக்குங்க. பிளானோட பேரையும் "அன்லிமிடெட்"ங்கிற வார்த்தையையும் மறந்துடுங்க.

28 நாள் கணக்கே பிடிக்கலைன்னா இன்னொண்ணு இருக்கு. ஒவ்வொரு கம்பெனியும் குறைஞ்சது ஒரு 30 நாள் பிளானும், மாசாமாசம் ஒரே தேதியில புதுப்பிக்கிற ஒரு பிளானும் வச்சிருக்கணும்னு 2022 ஜனவரியில டிராய் உத்தரவு போட்டிருக்கு. ஆப்ல கீழே எங்கயாவது இருக்கும், தேடணும். சம்பளத் தேதியோட ரீசார்ஜ் தேதியைக் கட்டிப் போட்டா பட்ஜெட்டும் சுலபமாகும்.

ஊர்ல இருக்கிற அம்மா, அப்பா போனுக்கும் நீங்கதான் ரீசார்ஜ் பண்றீங்களா? கீபேட் போன்ல பேச மட்டும் செய்றவங்களுக்கு டேட்டா சேர்த்த பிளான் எதுக்கு? கால், எஸ்எம்எஸ் மட்டும் இருக்கிற பிளானைக் கண்டிப்பா விக்கணும்னு 2024 டிசம்பர்ல டிராய் விதி கொண்டு வந்தது. 2025 ஜனவரியிலேர்ந்து அந்த பிளான்கள் வந்துடுச்சு. இதுக்கும் போர்ட் தேவையில்லை.

போஸ்ட்பெய்டு பக்கம் போறவங்க ஒண்ணு கவனிங்க. ப்ரீபெய்டுல சொல்ற விலைக்குள்ளேயே ஜிஎஸ்டி இருக்கும். போஸ்ட்பெய்டுல 449-ன்னு போட்டிருந்தா, மேல 18 சதவீதம் சேர்ந்து பில் 530 ரூபாய்கிட்ட வரும். ப்ரீபெய்டு 449-ஐயும் போஸ்ட்பெய்டு 449-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க.

இதெல்லாம் பார்த்த பிறகும் வேற கம்பெனிதான் லாபம், இல்லேன்னா வீட்ல டவரே எடுக்கலைன்னா, போர்ட் பண்ணலாம்.

செங்கோட்டையில டவர் பார்க்கிறது எப்படி

2024 ஜூலை விலையேற்றத்துக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? விலை ஏத்தாத ஒரே கம்பெனி பிஎஸ்என்எல். அந்த ஒரு மாசத்துல மட்டும் சுமார் 29 லட்சம் பேர் அங்க கூடினாங்க, மத்த மூணு கம்பெனிக்கும் ஆள் குறைஞ்சது. ஆனா அந்த வருஷம் நவம்பர்லேயே பிஎஸ்என்எல் எண்ணிக்கை திரும்பவும் இறங்க ஆரம்பிச்சிடுச்சு. விலையைப் பார்த்துப் போனவங்க சிக்னலைப் பார்த்துத் திரும்புனாங்கன்னுதான் நான் இதைப் படிக்கிறேன். பிஎஸ்என்எல்லோட 4ஜி நாடு முழுக்க முறைப்படி தொடங்கினதே 2025 செப்டம்பர் 27-லதான். இன்னைக்கு நிலைமை வேற. ஆனா உங்க தெருவுல என்ன நிலைமைங்கிறதை விளம்பரம் சொல்லாது.

நீங்க செங்கோட்டைக்காரர்னு வச்சுக்குவோம். வீடு செங்கோட்டையில, வேலை தென்காசியில. அல்லது வாரம் முழுக்க புனலூர், கொல்லம் பக்கம் வேலை, சனிக்கிழமை ஊருக்கு. இந்த ஊரோட பிரச்சினையே சமவெளியும் மலையும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுதான். பஜார்ல நல்லா எடுக்கிற சிம், புளியரை தாண்டி மலை ஏறினா எடுக்காது. கொல்லம் ரயில்ல பகவதிபுரம் ஸ்டேஷன் கழிஞ்சு குகைக்குள்ள போனா எந்த கம்பெனியும் எடுக்காது, அது வேற கதை. சீசன் ஞாயித்துக்கிழமை குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் நின்னு பாருங்க. போன்ல நாலு கோடு காட்டும், ஆனா ஒரு ஃபோட்டோ போகாது. ஊர்க்கூட்டம் மொத்தமும் அந்த டவரைத்தான் பங்கு போடுது. கோடு காட்டுறது வேற, நெட் ஓடுறது வேற.

அதனால போர்ட் பண்றதுக்கு முன்னாடி, போற கம்பெனியோட புது சிம் ஒண்ணு, அவங்ககிட்ட இருக்கிற சின்ன ரீசார்ஜோட வாங்கி, போன்ல ரெண்டாவது ஸ்லாட்ல போடுங்க. ஒரு பதினைஞ்சு நாள் வச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ள, ஆபீஸ்ல, பஸ்ல, மாமியார் வீட்ல. செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான். கம்பெனிகள் தங்களோட கவரேஜ் மேப்பை வெப்சைட்ல போடணும்னு டிராய் விதியும் இருக்கு. மேப்பைப் பாருங்க, ஆனா நம்ப வேண்டியது ரெண்டாவது ஸ்லாட்டைத்தான். கான்கிரீட் வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு மேப்புக்குத் தெரியாது.

டெஸ்ட் முடிஞ்சதும் அந்த சிம்மை முறைப்படி நிறுத்திடுங்க. ஒருத்தர் பேர்ல அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். உங்க பேர்ல மொத்தம் எத்தனை ஓடுதுன்னு மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல பார்க்கலாம். ஒரு தடவை பாருங்க, தெரியாத நம்பர் ஏதாவது இருந்தா அங்கேயே புகார் கொடுக்கலாம்.

கேரளா பக்கம் வேலைன்னா சர்க்கிள் மாத்தணுமா?

டெலிகாம் கணக்குல தமிழ்நாடு ஒரு சர்க்கிள், கேரளா இன்னொரு சர்க்கிள். கோடு புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவுல ஓடுது. ஒரு காலத்துல இந்தக் கோட்டைத் தாண்டினாலே ரோமிங் காசு. அப்போ ரெண்டு சிம் வச்சிருந்தவங்க எங்க பக்கம் நிறைய பேர். 2015 ஜூன் 15-லேர்ந்து பிஎஸ்என்எல் ரோமிங்ல இன்கமிங்கை இலவசமாக்குச்சு. அதே வருஷம் ஜூலை 3-லேர்ந்து சர்க்கிள் தாண்டியும் போர்ட் பண்ணலாம்னு ஆச்சு. இப்போ வர்ற பிளான்கள்ல நாட்டுக்குள்ள ரோமிங் தனிச் செலவே இல்லை.

அதனால கேரளாவுல வேலை கிடைச்சதுக்காக மட்டும் நம்பரைக் கேரளா சர்க்கிளுக்கு மாத்த வேண்டியதில்லை. இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. புனலூர்ல ஒரு கடையில போய் போர்ட் கேட்டா அது சர்க்கிள் தாண்டுற போர்ட்டா ஆயிடும். அதுக்கு 5 வேலை நாள். செங்கோட்டையிலேயோ தென்காசியிலேயோ கேட்டா சர்க்கிளுக்குள்ள, 3 வேலை நாள். நிரந்தரமா அங்கேயே குடியேறினா யோசிக்கலாம். இல்லேன்னா ஊருக்கு வரும்போது இங்கயே பண்ணிடுங்க.

நம்பர் மாறாம கம்பெனி மட்டும் எப்படி மாறுதுன்னு கேட்டா, செங்கோட்டைக்காரங்களுக்கு விளக்குறது ரொம்ப ஈசி. 1956 அக்டோபர் 31 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு. நவம்பர் 1 காலையில சென்னை மாநிலம். வீடு நகரலை, வயல் நகரலை, கோட்டை வாசல் நகரலை. மனு எந்தத் தலைநகருக்குப் போகணுங்கிறது மட்டும் மாறுச்சு. போர்ட்டும் அப்படித்தான். எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு பட்டியல் இருக்கு. உங்க நம்பருக்கு யாராவது கால் பண்ணினா, "இந்த நம்பர் இப்போ யார்கிட்ட இருக்கு"ன்னு அந்தப் பட்டியல்ல பார்த்து, அந்த கம்பெனிக்கு காலை அனுப்பும். போர்ட் பண்ணும்போது மாறுறது அந்தப் பட்டியல்ல ஒரு வரி.

அந்த வரி எல்லா இடத்துலயும் ஒரே நிமிஷத்துல மாறாது. அதனாலதான் போர்ட் ஆன நாள்ல சில பேரோட கால் வரும், சில பேரோடது வராது. பேங்க் ஓடிபி சில நேரம் தாமதமாகும்.

அதே போன் வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். அமெரிக்காவுல மாதிரி ஒரு கம்பெனிக்குப் பூட்டின போன் இங்க குறைவு. விதிவிலக்கு ஜியோபோன், ஜியோபாரத் மாதிரி கீபேட் போன்கள். அதுல ஜியோ சிம் மட்டும்தான் ஓடும். அப்பா ஜியோபாரத் வச்சிருக்கார், நீங்க அவர் நம்பரை வேற கம்பெனிக்கு மாத்தினா அவருக்குப் புதுப் போனும் வாங்கணும். மிச்சம் அங்கேயே போச்சு. திருப்பியும் சிக்கல் உண்டு: ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி கீபேட் போன்ல ஜியோ சிம் போட்டா சும்மா கிடக்கும்.

பிஎஸ்என்எல் போறவங்க ஒண்ணு பாருங்க. அவங்க 4ஜி முக்கியமா 700 மெகாஹெர்ட்ஸ்லயும் 2100 மெகாஹெர்ட்ஸ்லயும் ஓடுது. போனோட பேண்ட் லிஸ்ட்ல 28-ம் 1-ம் இருக்கணும். 28 இல்லாத பழைய போன்னா 700-ல வர்ற சிக்னல் உங்களுக்குக் கிடைக்காது. டவர் பக்கத்துலயே இருந்தும் "நெட் வரலை"ன்னு புலம்ப வேண்டியதுதான். போன் மாடல் பேரைப் போட்டுத் தேடினா கம்பெனி தளத்துல பேண்ட் லிஸ்ட் கிடைக்கும். ரெண்டாவது ஸ்லாட் டெஸ்ட் பண்ணியிருந்தா இதுவும் அங்கேயே தெரிஞ்சிருக்கும்.

நம்பர் யார் பேர்ல இருக்கு?

இதைத்தான் யாரும் கேக்கிறதில்லை.

காலேஜ் சேரும்போது அப்பா ஆதார்ல வாங்கின சிம். இன்னைக்கும் அதே நம்பர்தான் உங்க சேலரி அக்கவுண்ட்ல. நீங்க பத்து வருஷமா பயன்படுத்தினாலும், கம்பெனி ரெக்கார்டுல அது அப்பா நம்பர். போர்ட் பண்ண அப்பாதான் கடைக்கு வந்து கேஒய்சி கொடுக்கணும். அப்பா ஊர்ல, நீங்க சென்னையில. அதனால முதல்ல இருக்கிற கம்பெனியிலேயே பேர் மாத்தி முடிங்க. பேர் மாத்தம் பாதியில இருக்கும்போது போர்ட் கேட்டா நிராகரிச்சிடுவாங்க, அது விதியிலேயே இருக்கு. சிம்முக்குச் சொந்தக்காரர் இறந்துட்டா இது இன்னும் சிக்கல். அதனால அப்பா நல்லா இருக்கும்போதே, அடுத்த தீபாவளி லீவுல உங்க பேருக்கு மாத்திக்குங்க. "எதுக்குப்பா இப்போ"ன்னு கேப்பார். சொல்லிப் புரிய வைங்க.

இன்னொரு வகை, கம்பெனி கொடுத்த சிம். வேலையில சேர்ந்ததும் ஆபீஸ் சிம் கொடுத்தாங்க, பில் அவங்க கட்டுறாங்கன்னு அதையே பேங்க்லயும் ஆதார்லயும் பிஎஃப்லயும் கொடுத்தவங்க இருக்காங்க. தயவு செஞ்சு இன்னைக்கே மாத்துங்க. அந்த நம்பர் உங்களோடது இல்லை, கம்பெனியோடது. வேலை விடும்போது நம்பர் வேணும்னா, போர்ட் பண்ண கம்பெனியோட அதிகாரம் பெற்ற ஆள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். அதுக்கும் 5 வேலை நாள் ஆகும். நோட்டீஸ் பீரியட்ல எச்ஆர் நல்ல மூட்ல இருந்தா கிடைக்கும். சண்டை போட்டுட்டு வெளியே வந்தா? உங்க பிஎஃப் ஓடிபி உங்க பழைய ஆபீஸ் டிராயர்ல இருக்கிற சிம்முக்குப் போகும்.

ஏர்செல் சொல்லிட்டுப் போன பாடம்

தமிழ்நாட்டுல 1999-ல ஆரம்பிச்ச கம்பெனி ஏர்செல். நம்ம ஊர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல வீட்டுக்கு ஒரு ஏர்செல் நம்பராவது இருக்கும். 2018 பிப்ரவரி மூணாவது வாரம், டவர் வாடகைத் தகராறுல திடீர்னு தமிழ்நாடு முழுக்க சிக்னல் போச்சு. அந்த மாசம் 28-ம் தேதி கம்பெனி திவால் மனு போட்டுச்சு.

போர்ட் பண்ணிட்டுப் போகலாமேன்னு நினைப்பீங்க. அங்கதான் சிக்கல். போர்ட் பண்ண ஒரு கோட் வேணும், யுபிசின்னு சொல்றது. அந்தக் கோடை அப்போ கொடுத்தது பழைய கம்பெனிதான். கோட் கேக்க எஸ்எம்எஸ் அனுப்பணும், அனுப்ப சிக்னல் வேணும், சிக்னல் இல்லாததாலதான் போர்டே பண்றோம். மாடியில, ரோட்டுல, பக்கத்து ஊர்லன்னு சிக்னல் தேடி அலைஞ்சவங்களை 2018-ல பார்த்தவங்களுக்கு மறக்காது. கடைசியில டிராய் தலையிட்டு, 2018 ஏப்ரல் 15 வரைக்கும் செல்லுற மாதிரி கோட் கொடுக்க ஏற்பாடு செஞ்சாங்க. மாறாமலே விட்டவங்களுக்கு நம்பர் போச்சு.

2019 டிசம்பர் 16-லேர்ந்து முறை மாறிடுச்சு. இப்போ கோடை உருவாக்குறது நடுவுல இருக்கிற தனி நிறுவனம். நீங்க கேட்ட உடனே, பாக்கி இருக்கா, 90 நாள் ஆச்சான்னு பழைய கம்பெனிகிட்ட அங்கேயே சரிபார்த்து, தகுதி இருந்தா மட்டும் கோட் வரும். முன்னாடி மாதிரி கோட் வாங்கி, ஃபார்ம் கொடுத்து, ஒரு வாரம் கழிச்சு "நிராகரிக்கப்பட்டது"ன்னு வர்ற தொல்லை குறைஞ்சிடுச்சு. ஆனா கோட் கேக்கிற எஸ்எம்எஸ் இன்னும் பழைய கம்பெனியோட சிக்னல்லதான் போகணும். ஒரு கம்பெனி ஆடிக்கிட்டு இருக்குன்னு செய்தி தொடர்ந்து வந்தா, கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.

சரி, எப்போ, எப்படி?

எஸ்எம்எஸ்ல ஆங்கிலத்துல போர்ட்னு டைப் பண்ணி, ஒரு இடம் விட்டு, உங்க பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்புங்க. எஸ்எம்எஸ் இல்லாத சின்ன பிளான்ல இருந்தாலும் 1900-க்குப் போற எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கக் கூடாதுன்னு 2021 டிசம்பர்ல டிராய் உத்தரவு இருக்கு. எட்டு எழுத்துக் கோட் வரும். 4 நாள் செல்லும். அதுக்குள்ள ஆதாரோட புது கம்பெனி கடைக்குப் போய் சிம் வாங்கணும். கோட் கேட்டதும் பழைய கம்பெனியிலேர்ந்து "சார், உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் ஆஃபர்"னு போன் வரலாம். நல்ல ஆஃபர்னா எடுத்துக்குங்க, வெக்கப்பட வேண்டாம். எத்தனை மாசத்துக்குன்னு மட்டும் எஸ்எம்எஸ்ல அனுப்பச் சொல்லுங்க.

புது கம்பெனிக்கு வந்து, அல்லது புது சிம் எடுத்து 90 நாள் ஆகியிருந்தாதான் போர்ட் பண்ண முடியும். சிம் தொலைஞ்சு டூப்ளிகேட் வாங்கியிருந்தா, 2024 ஜூலை 1-லேர்ந்து 7 நாளைக்குக் கோட் கிடைக்காது. இந்த 7 நாள் விதி நம்மளைத் தொல்லை பண்றதுக்கு இல்லை. திருடன் உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே வேற கம்பெனிக்கு மாத்தி, ஓடிபி எடுத்து அக்கவுண்ட்டைக் காலி பண்றதைத் தடுக்கத்தான்.

இப்போ தேதி. மாசக் கடைசியும் முதல் வாரமும் வேண்டவே வேண்டாம். சம்பளம், வாடகை, இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் அந்தப் பத்து நாள்லதான். 12-லேர்ந்து 20-க்குள்ள ஒரு திங்கள் இல்லேன்னா செவ்வாய்க்கிழமை கொடுத்தீங்கன்னா, வேலை நாள் கணக்குல அந்த வாரத்துக்குள்ளேயே முடிஞ்சிடும். ப்ரீபெய்டு பேலன்ஸும் மிச்ச நாளும் புது கம்பெனிக்கு வராது. அதனால பிளான் முடிய நாலைஞ்சு நாள் இருக்கும்போது பண்ணினா நஷ்டம் குறைவு. பிளான் முடிஞ்ச பிறகு பண்ணலாம்னு விடாதீங்க.

எந்த நாள், எத்தனை மணிக்கு மாறும்னு எஸ்எம்எஸ் வரும். சில மணி நேரம் ரெண்டு சிம்மும் வேலை செய்யாது. பழைய சிம்ல சிக்னல் போனதும் புதுசைப் போடுங்க.

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் அதுபாட்டுக்கு ஓடும். யுபிஐ ஆப் ஓடாது. நம்பர் அதேதான், ஆனா சிம் வேற. ஆப் அதைக் கண்டுபிடிச்சு, திரும்பவும் சரிபார்க்கச் சொல்லும். அதுக்கு உங்க போன்லேர்ந்தே ஒரு எஸ்எம்எஸ் தானா போகணும். ஆக புது சிம்ல எஸ்எம்எஸ் அடங்கின பிளான் இருக்கணும். வெறும் டேட்டா பேக் போட்டுட்டு "ஜிபே வேலை செய்யலை"ன்னு பேங்குக்கு ஓடுறவங்க இருக்காங்க. திரும்பப் பதிவு பண்ணின பிறகும் பல பேங்க்ல முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல அனுப்ப விடாது. ஐபோன்ல சில பேங்க் 72 மணி நேரம் வரைக்கும் வைக்கும். வாடகை பன்னிரண்டாயிரத்தை அன்னைக்கு யுபிஐல அனுப்பலாம்னு வச்சிருந்தா மாட்டிக்குவீங்க. கையில ரெண்டு மூணாயிரம் பணமும் ஏடிஎம் கார்டும் வச்சுக்குங்க. ஊருக்குப் பஸ் ஏறுற அன்னைக்கு போர்ட் வேண்டாம்.

கோடை யார் கேட்டாலும்

"உங்க நம்பர் 5ஜிக்கு மாறுது சார், வர்ற எட்டு எழுத்தைச் சொல்லுங்க"ன்னு போன் வந்தா வச்சிடுங்க. உங்க நம்பரை எடுத்துட்டுப் போக முதல்ல தேவைப்படுறது அந்த எட்டு எழுத்துதான். கடையில புது சிம் வாங்கும்போது தவிர வேற எங்கேயும் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

நீங்க கேக்காமலே போர்ட் சம்பந்தமா எஸ்எம்எஸ் வந்தா, 24 மணி நேரத்துக்குள்ள ஆங்கிலத்துல கேன்சல்னு டைப் பண்ணி, இடம் விட்டு நம்பரைப் போட்டு அதே 1900-க்கு அனுப்புங்க. நீங்களே கேட்டு, அப்புறம் மனசு மாறினாலும் இதே வழிதான். காரணமே இல்லாம சிக்னல் மணிக்கணக்கா போயிருந்தா, வேற போன்லேர்ந்து முதல்ல பேங்குக்குக் கால் பண்ணி அக்கவுண்ட்டை நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் டெலிகாம் கம்பெனிக்கு. பணம் போயிருந்தா 1930. வரிசை முக்கியம்.

போஸ்ட்பெய்டுக்காரங்களுக்குக் கடைசி பில்

போர்ட் கேக்கிறதுக்கு முன்னாடி வந்த பில் எல்லாம் கட்டியிருக்கணும், இல்லேன்னா கோடே வராது. அதைக் கட்டிட்டு மாறிடுவீங்க. ஆனா கடைசி பில்லுக்கும் மாறின நாளுக்கும் நடுவுல சில நாள் இருக்கும் இல்லையா, அதுக்கு ஒரு பில் பின்னாடி வரும். பழைய கம்பெனி ஆப்ல லாகின் வேலை செய்யாது, பில் போற மெயிலைத் திறக்க மாட்டோம், இருநூறு ரூபாய்தானேன்னு விட்டுடுவோம். கட்டலைன்னா பழைய கம்பெனி புது கம்பெனிக்குச் சொல்லும். புது கம்பெனி நோட்டீஸ் கொடுத்து உங்க சிம்மை நிறுத்தும். புது கம்பெனிக்கு ஒழுங்கா காசு கட்டிக்கிட்டு இருந்தாலும் நிறுத்தும். அப்படியே நம்பர் துண்டிக்கப்பட்டா, குறைஞ்சது 90 நாள் கழிச்சு அது வேற ஒருத்தருக்குப் போகலாம். உங்க பேங்க் மெசேஜ் அவர் போன்ல வர ஆரம்பிக்கும்.

மாறுற அன்னைக்கே பழைய கம்பெனி கஸ்டமர் கேர்ல "கடைசி பில் எவ்வளவு, எந்தத் தேதியில வரும், எந்த லிங்க்ல கட்டணும்"னு கேட்டு வைங்க. கட்டின ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயில்ல உங்களுக்கே அனுப்பிக்குங்க. போஸ்ட்பெய்டு எடுக்கும்போது டெபாசிட் கட்டியிருந்தா அதையும் அதே கால்ல கேளுங்க.